மங்கிய சுவர்களின் மௌன அழகு



உங்கள் வீட்டுப் பீரோவின் மேல்தட்டில் பழைய ஆல்பம் ஒன்று இருக்கும். திருமணத்தின்போது எடுத்தவை, ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது எடுத்தவை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று எடுத்தவை எனப் பல படங்கள் அதில் ஒட்டப்பட்டிருக்கும். அதை எடுத்து ஒருமுறை புரட்டுங்கள். ஆனால் இம்முறை, படத்தில் நிற்பவர்களைப் பார்க்காதீர்கள். அவர்களுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள்.

நீலம் கலந்து வெள்ளையடித்த சுவர். அதில் ஆணி அடித்த இடத்தில் உதிர்ந்த காரை. தலை சாய்த்துச் சாய்த்துத் தூணில் படிந்த எண்ணெய்க் கறை. மாடக்குழியின் மேல் விளக்குப் புகையின் கருமை. பாதம் பட்டுப் பட்டு மழமழப்பான சிவப்புச் சிமெண்டுத் தரை. இவற்றைப் படமெடுக்க வேண்டுமென்று யாரும் எண்ணியதில்லை. மனிதர்களை எடுத்தபோது தற்செயலாக வந்து விழுந்தவை இவை. ஆயினும் சற்று நேரம் உற்று நோக்கினால், நிற்பவர்களைவிடச் சுவர்களே அதிகம் பேசுவது விளங்கும்.

பழைய அறைகளின் படங்களில் அமைதியான அழகு ஒன்று உறைந்திருக்கிறது. அதைக் காணும் கண்ணை நாம் பழக்கிக்கொள்ள வேண்டும். அதோடு, இன்று நம் கண்ணெதிரே இடிந்து கொண்டிருக்கும் நம்முடைய அறைகளையும், அவை மறையுமுன் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவ்விரண்டையும் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

திரைச்சீலை மாளிகைகள்

தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். நடுவே நாற்காலியில் குடும்பத் தலைவர் அமர்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் பூச்சாடி. பின்னால் தொங்கும் திரைச்சீலையிலோ உயர்ந்த தூண்களும், வளைந்தேறும் படிக்கட்டும், பூந்தோட்டமும் வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்கும். ஓட்டு வீட்டிலிருந்து வந்தவரும் கூரை வீட்டிலிருந்து வந்தவரும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரே மாளிகையில் வாழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

டிஜிட்டல் கேமரா வந்தபின் இத்தகைய ஸ்டுடியோக்கள் பல மூடப்பட்டன. அவற்றில் கிடந்த கண்ணாடித் தகடுகளும் பிலிம்களும் குப்பைக்குப் போயின. எஞ்சியவற்றைக் காப்பாற்றும் முயற்சியில் 1955இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஈடுபட்டது. அழிந்துவரும் ஆவணங்களைக் காப்பதற்கென லண்டன் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டத்தின் துணையோடு, தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்கள் ஆயிரக்கணக்கில் தேடியெடுக்கப்பட்டுக் கணினியில் பதிவு செய்யப்பட்டன. நன்றி பாராட்ட வேண்டிய பணி இது.

ஆனால் அந்தப் படங்களில் எத்தனையோ பேருடைய முகங்கள் கிடைக்கின்றனவே அன்றி, அவர்கள் வாழ்ந்த வீட்டின் உட்புறம் கிடைப்பது அரிது. காரணம் எளியது. அன்றைய வீடுகளில் வெளிச்சம் குறைவு. அன்றைய பிலிமுக்கோ வெளிச்சம் மிகுதியாக வேண்டும். வீட்டுக்கே வந்து படமெடுக்கக் கேமராக்காரருக்குக் கொடுக்க வேண்டிய தொகையும் அதிகம். நம் சமுதாயத்திலோ அந்நிய ஆண் ஒருவர் கூடத்தைத் தாண்டி உள்ளே வருவது நினைத்தும் பார்க்க முடியாத செயல். ஆகவே, நாம் ஒருநாளும் வாழாத மாளிகை நம் ஆல்பத்தில் பத்திரமாக இருக்கிறது. பிறந்து வளர்ந்து, ஓதி, உண்டு, உறங்கிய அறை அதில் இல்லை! இதை எண்ணிப் பார்த்தீர்களா?

ராயக்கோட்டைக்கு வந்த கேமரா

புகைப்படக் கலையின் இளமைக் காலத்திலேயே நம் வட்டாரத்துக்குக் கேமரா வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி (1822-1902) சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பெற்று, 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அந்தப் பயணத்தின் பயனாக 1858இல் வெளிவந்த தொகுதிகளில் ஒன்று, ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் காட்டுவது. அன்று ராயக்கோட்டை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பிறகு 1965இல் தருமபுரி மாவட்டத்துக்கும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் மாறியது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791இல், திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய மலைக்கோட்டை இவ்வூருடையது. அதனால்தான் அந்த அதிகாரியின் கேமரா இந்தச் சிற்றூர்ப் பக்கம் திரும்பியது போலும்.

இன்றைய கைப்பேசியை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கேமராவை எண்ணாதீர்கள். ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட, மெழுகு ஏற்றிய காகிதமே அவருடைய நெகடிவ். வெளிச்சத்தைப் பொறுத்து ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் கேமராவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். குறுக்கே நடப்பவர் படத்தில் பதிய மாட்டார். அசையாதவை மட்டுமே பதியும். எனவே அவருடைய படங்களில் மனிதர்கள் அரிது. கல்லும் நிழலும் வெளிச்சமுமே இருக்கின்றன.

அதே பயணத்தில் அவர் மதுரையை அடைந்து எடுத்த புதுமண்டபத்துப் படமொன்று புகழ்பெற்றது. திருமலை நாயக்கர் கட்டிய அம்மண்டபத்தின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் தூண்கள் வரிசையாகப் பின்னோக்கிச் செல்கின்றன. ஒரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் தரையில் விழுந்து கிடக்கிறது. அங்கே எவரும் இல்லை. பிற்காலத்தில் அம்மண்டபம் தையற்காரர்களும் புத்தக வியாபாரிகளும் பாத்திரக்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த கடைவீதியாகி, அண்மை ஆண்டுகளில் அக்கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே தையல் எந்திரம் மிதித்தவர்களில் நம் சமுதாயத்தவரும் உண்டு. ஆளில்லாத அந்தத் தாழ்வாரத்தின் 1858ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்கும்போது, பின்னால் வரவிருந்த அத்தனை ஓசைகளுக்கும் முன்பாக நிலவிய மௌனத்தைக் கேட்கிறோம்.

1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், புகைப்படம் வீண் ஆடம்பரம் என்று கருதி அந்தப் பணியை நிறுத்திவிட்டார். ஆனால் வீண் என்று தள்ளப்பட்ட அந்தப் படங்கள் இன்று லண்டன் நூலகத்திலும் அருங்காட்சியகங்களிலும் போற்றிக் காக்கப்படுகின்றன. 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் அவருக்கென்றே கண்காட்சி நடைபெற்றது. எது வீண், எது பயனுள்ளது என்பதைக் காலம் வேறு கணக்கில் எழுதுகிறது.

ஏழைகளின் அறைகள்

மண்டபமும் அரண்மனையும் எப்படியும் அழகுடையவை. எளியவர்களின் அறையில் என்ன அழகு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் விடை சொன்னவர்கள் உண்டு.

பாரீஸ் நகரில் அட்ஜே (1857-1927) என்பவர் வாழ்ந்தார். கப்பலில் வேலை பார்த்தவர், பிறகு நாடக நடிகர், இறுதியில் புகைப்படக்காரர். ஓவியர்களுக்குப் பயன்படும் படங்களை எடுத்து விற்பதே அவர் தொழில். 1910இல் அவர் பாரீஸ் வீடுகளின் உட்புறங்களை மட்டும் படமெடுத்து 60 படங்கள் கொண்ட ஆல்பமாகத் தொகுத்தார். அதில் செல்வர் வீட்டுக் கூடமும் இருக்கிறது. தொழிலாளியின் ஒற்றை அறையும் இருக்கிறது. கலைந்த படுக்கை, அடுப்பின்மேல் பாத்திரம், சுவரில் சாய்ந்த நிலைக்கண்ணாடி. மனிதர் எவரும் இல்லை. ஆனால் சற்று முன்புதான் எவரோ எழுந்து போனார் என்று தோன்றும்.

அமெரிக்காவில் வாக்கர் எவன்ஸ் என்பவர் 1936ஆம் ஆண்டுக் கோடையில் அலபாமா மாநிலத்துக்குச் சென்று, பருத்தி பயிரிடும் குத்தகைக் குடும்பங்கள் மூன்றின் வீடுகளைப் படமெடுத்தார். அவை 1941இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் சமையலறைச் சுவர் ஒன்றின் படம் இருக்கிறது. வண்ணம் காணாத பலகைச் சுவர். அதன் குறுக்கே ஒரு மரச் சட்டத்தை ஆணியடித்து, அந்த இடுக்கில் கரண்டிகளையும் முட்கரண்டிகளையும் செருகி வைத்திருக்கிறார்கள். அவ்வளவே! ஆனால், அலமாரி வாங்க இயலாத ஒரு பெண்மணி தன் சிறு உடைமைகளை எத்தனை ஒழுங்கோடு வைத்துக்கொண்டாள் என்பதை அந்தச் சட்டம் காட்டுகிறது. வறுமை அவளுடைய வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அவளுடைய ஒழுங்கை அதனால் பறிக்க முடியவில்லை.

நம் நாட்டிலும் தயானிதா சிங் என்னும் பெண்மணி (பிறப்பு 1961), செல்வக் குடும்பங்களை அவர்களுடைய இல்லங்களிலேயே படமெடுக்கத் தொடங்கி, பிறகு ஆளில்லாத அறைகளின் பக்கம் திரும்பினார். காலி நாற்காலிகளும் படுக்கைகளும், கோப்புகள் அடுக்கிய பழைய அலுவலக அறைகளும் அவருடைய நூல்களில் இடம்பெற்று உலகப் புகழ் பெற்றன.

இவர்கள் அனைவரும் கண்டுகொண்டது ஒன்றே. புதிய அறை, அதை வாங்கியவரின் பணத்தைக் காட்டும். பழைய அறை, அதில் வாழ்ந்தவரின் வாழ்க்கையைக் காட்டும். கடையில் கிடைக்காத ஒன்று பழைய அறையில் இருக்கிறது. அதுதான் புழங்கிய தடம். கதவின் பிடி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறதோ அங்கே எத்தனையோ கைகள் இருக்கின்றன. வாசற்படி எந்த இடத்தில் குழிந்திருக்கிறதோ அங்கே எத்தனையோ காலடிகள் இருக்கின்றன.

நேரில் காண விரும்புவோர் பெங்களூர் செல்லும்போது கே.ஆர். மார்க்கெட் அருகிலுள்ள திப்பு சுல்தானின் கோடைக்கால மாளிகைக்குச் சென்று வரலாம். 1781இல் ஹைதர் அலி தொடங்கி, 1791இல் திப்பு நிறைவு செய்தது அது. சலவைக்கல் அன்று; தேக்கு மரத் தூண்களும் மர மாடங்களும் கொண்டது. சுவரிலும் விதானத்திலும் தீட்டிய பூ வேலைப்பாடுகள் பல இடங்களில் மங்கி, சில இடங்களில் நிழல் போல மட்டுமே தெரிகின்றன. கண்ணைக் கூச வைக்காத அந்த மங்கலில்தான் மனம் நின்று இளைப்பாறுகிறது. அதன் நிறைவும் ராயக்கோட்டையின் வீழ்ச்சியும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன என்பதை அங்கு நின்று எண்ணுங்கள்.

அறையும் மங்குகிறது, படமும் மங்குகிறது

படத்திலுள்ள அறை மங்கியிருப்பதோடு, அந்தப் படமும் மங்கிப் போவதுண்டு. இதன் காரணத்தை அறிந்துகொள்வது நம் வீட்டுப் படங்களைக் காக்க உதவும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தருவது வெள்ளியின் நுண்துகள்கள். படம் கழுவியபோது மருந்து முழுமையாக நீங்காவிட்டால், எஞ்சிய மருந்தும் காற்றின் ஈரமும் சேர்ந்து வெள்ளியைத் தாக்கும். படம் மஞ்சளாகிப் பழுப்பாகும். ஒழுங்காகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் படமோ நூறாண்டு கடந்தும் நிற்கும். வண்ணப் படத்தில் இருப்பது வெள்ளி அன்று, சாயம். 1970களிலும் 1980களிலும் எடுத்த வண்ணப் படங்கள் பலவற்றில் நீலச் சாயம் முதலில் வெளிறிவிடுவதால், படம் முழுவதும் செம்மை பூத்துவிடுகிறது. பாட்டனாரின் கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாக இருக்க, மகனுடைய திருமணத்து வண்ணப் படம் சிவந்து கிடப்பதன் காரணம் இதுவே.

சுவரில் சுண்ணாம்பு மங்குவதும் காகிதத்தில் சாயம் மங்குவதும் நமக்குச் சொல்லும் செய்தி ஒன்றே: படைக்கப்பட்டவை அனைத்தும் தேய்பவை. தேயாதவன் ஒருவனே. மங்கிய படத்தைப் பார்க்கும்போது மனத்தில் எழும் இனம்புரியாத கனிவு, இந்த உண்மையை அறிவு சொல்லாமலே உள்ளம் உணர்ந்து கொள்வதனால் எழுவது.

மதீனாவில் இடிந்த அறைகள்

பழைய அறை ஒன்று இடிக்கப்பட்டதற்காக மதீனா மாநகரமே கண்ணீர் விட்ட வரலாறு நமக்கு உண்டு.

பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகள் பள்ளிவாசலை ஒட்டி அமைந்திருந்தன. பச்சை மண் கல்லும் பேரீச்ச மட்டையும் கொண்டு எழுப்பியவை. வாயில்களில் முரட்டுத் திரை தொங்கும். ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் தம் இளமையில் அவ்வறைகளுக்குள் சென்றபோது கையை உயர்த்தினால் கூரையைத் தொட முடிந்ததாகக் கூறியிருக்கிறார்கள். அரபு நாட்டையே வழிநடத்திய தலைவரின் இல்லத்துக்கு உயரம் அவ்வளவே!

ஹிஜ்ரி 88ஆம் ஆண்டு வாக்கில், அதாவது கி.பி. 707இல், கலீஃபா வலீதின் ஆணைப்படி பள்ளிவாசல் விரிவாக்கப்பட்டது. அப்போது மதீனாவின் ஆளுநராக இருந்தவர்கள் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் அடக்கமாகியுள்ள அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறை காக்கப்பெற்றுப் பள்ளியின் எல்லைக்குள் அமைந்தது. ஏனைய அறைகள் அகற்றப்பட்டன. தொழ வருவோர் பெருகிவிட்டதால் இடம் தேவைப்பட்டது, தேவை உண்மையானது. ஆயினும் அன்று மக்கள் அழுத அழுகை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

அப்போது ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள் வெளியிட்ட வருத்தத்தை இப்னு ஸஅது தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்த அறைகளை அப்படியே விட்டிருக்கலாகாதா? இங்கே பிறந்து வளரும் தலைமுறையும் தொலைவிலிருந்து வருபவர்களும் நபியவர்கள் எவ்வளவைக் கொண்டு நிறைவடைந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டிருப்பார்களே. பொருளைக் குவிப்பதிலும் அதைக் கொண்டு பெருமையடிப்பதிலும் அவர்களுக்கு ஆசை குறைந்திருக்குமே என்பதே அப்பெரியாரின் ஆதங்கம்.

வாசகர்களே, இதை ஆழ்ந்து நோக்குங்கள். அவர்கள் அந்தச் சுவர்களைப் புனிதப்படுத்தச் சொல்லவில்லை. கட்டடக் கலைக்காகவும் வருந்தவில்லை. ஓர் எளிய அறை, அதைப் பார்ப்பவருக்குப் பாடம் சொல்லும் என்றார்கள். போதுமென்ற மனத்தை, ‘கனாஅத்’ என்று நாம் ஓதிக் கொடுக்கும் அந்தப் பண்பை, நூறு பிரசங்கங்களைவிட நன்றாகக் கற்பிக்க ஒரு தாழ்ந்த கூரையால் முடியும் என்றார்கள். பழைய அறைகளின் படத்தில் நாம் தேடும் அழகுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டுமா?

நம் ஊர் அறைகள்

இப்போது நம் பகுதிக்கு வருவோம். ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. லாரித் தொழிற்சாலையும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. அண்மை ஆண்டுகளில் மின்சார ஸ்கூட்டர், கைப்பேசி உதிரிபாகத் தொழிற்சாலைகளும் இம்மாவட்டத்துக்கு வந்துள்ளன. நிலத்தின் விலை ஏறியது. வாடகைக்கு வீடு தேடி வருவோர் பெருகினர். ஓசூரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், தக்காளி மண்டிக்குப் பெயர்பெற்ற ராயக்கோட்டை வரை அந்த அலை வந்துவிட்டது. பாகப்பிரிவினை முடிந்ததும் பழைய வீடு இடிபடுகிறது. அந்த இடத்தில் நான்கு போர்ஷன்கள் எழுகின்றன. இதைக் குறை சொல்வதற்கில்லை. அந்த வாடகையில்தான் பல குடும்பங்களில் அடுப்பெரிகிறது. பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள்.

ஆனால் இடிபடும் வீட்டில் என்ன இருந்தது? தமிழும் உருதுவும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும் இவ்வட்டாரத்துப் பழைய வீடுகளைச் சற்று நினைவுகூருங்கள். கருங்கல் மிகுந்த பூமியாதலால் கல்தூண் நட்டு, கற்பலகை பரப்பிய தாழ்வாரம். நாட்டு ஓட்டுக் கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக இறங்கி, லுஹர் நேரத்தில் கூடத்தின் நடுவிலும் அஸர் நேரத்தில் சுவரின் மேலும் நிற்கும் வெயில் வட்டம். கடிகாரம் பார்க்கத் தெரியாத மூதாட்டி அந்த வட்டத்தைப் பார்த்தே தொழுகைக்கு எழுந்திருப்பார். மூலையில் ராகி அரைக்கும் திருகைக் கல். அதன் பிடி கைபட்டுக் கறுத்திருக்கும். உயரமான மாடத்தில் துணி சுற்றிய குர்ஆனும் ரஹாலும். கொடியில் மடித்துப் போட்ட தொழுகை விரிப்பு. முற்றத்தில் ஒளூச் செய்யும் கல். தண்ணீர் வழிந்து வழிந்து அதில் விழுந்த பள்ளம்.

இவற்றில் எதுவும் விலையுயர்ந்தது அன்று. எதுவும் அருங்காட்சியகத்துக்குப் போகாது. வீடு இடியும் நாளில் ஓடு ஒருபக்கமும் மரம் ஒருபக்கமும் விலை போய்விடும். வெயில் வட்டத்தை விலைக்கு வாங்க யாரும் வர மாட்டார்கள்.

எழக்கூடிய ஐயங்கள்

உருவப்படம் கூடுமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். கேமராப் படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் இங்கே நுழைய வேண்டியதில்லை. படம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரீயில் இருக்கிறது. ஆளில்லாத அறையின் படம் இந்த வகையைச் சேர்ந்தது. சுவருக்கும் திருகைக்கும் வெயிலுக்கும் உயிர் இல்லை.

இரண்டாவது ஐயம் கனமானது. பழைய வீட்டை அழகு என்று புகழ்வது, வறுமையை அழகு என்று புகழ்வதாகாதா? அந்தச் சமையலறையின் கரிப்புகையில் இருமிக்கொண்டு வாழ்ந்த தாய்மாரைக் கேட்டால் தெரியுமே அதன் அழகு! உண்மை. சுவரில் அழகிய கருமையாகத் தெரிவதுதான் அவர்களுடைய நெஞ்சிலும் படிந்தது. ஆகவே, பழைய வீட்டில்தான் வாழ வேண்டும் என்று யாரும் யாரையும் வற்புறுத்தலாகாது. ஜன்னல் வையுங்கள், கேஸ் அடுப்பு வையுங்கள், கழிப்பறை கட்டுங்கள். மாற்ற வேண்டியதை மாற்றுவதே தாய்க்குச் செய்யும் மரியாதை. அந்தக் குறைகளுக்கிடையிலும் அவர் வீட்டை எப்படிப் பேணினார் என்பதை மறவாதிருப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதையே. படம் அந்த இரண்டாவது கடமைக்கு உரியது.

மூன்றாவது, வீட்டின் மறைவு. அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம், பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் உரைக்குமாறு கட்டளையிடுகிறது. காலால் நுழைவதற்கு அனுமதி வேண்டும் என்றால், கேமராவால் நுழைவதற்கு வேண்டாமா? அலபாமாவில் படமெடுக்கப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் சிலர், தங்கள் முன்னோரின் வறுமை உலகத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டதே என்று பிற்காலத்தில் மனம் நொந்தார்கள். ஆதலால் உங்கள் வீட்டை நீங்களே எடுங்கள். வீட்டார் அனைவரின் சம்மதத்தோடு எடுங்கள். எடுத்தவற்றை உடனே வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பாமல் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

வீட்டை இடிக்க நாள் குறித்துவிட்டீர்களா? பொருள்களை வெளியேற்றும் முன்பு ஒருநாள் காலையை இதற்கென ஒதுக்குங்கள். பெரிய கேமரா வேண்டாம், கைப்பேசியே போதும். மின்விளக்கையும் பிளாஷையும் அணைத்துவிடுங்கள். வாசல், ஜன்னல், கண்ணாடி ஓடு வழியாக வரும் வெளிச்சத்திலேயே எடுங்கள். அந்த அறைக்கு உரிய வெளிச்சம் அதுதான். அறையின் மூலையில் நின்று, நெஞ்சளவு உயரத்தில் கைப்பேசியை நேராகப் பிடித்து, முதலில் முழு அறையையும், பிறகு ஒவ்வொரு சுவரையும், பிறகு மாடம், நிலைப்படி, தூண், தரை ஆகியவற்றைத் தனித்தனியாகவும் எடுங்கள். விருந்தாளி வருவதுபோல் அறையை ஒழுங்குபடுத்தாதீர்கள். கொடியில் தொங்கும் துண்டு தொங்கட்டும்; மூலையில் கிடக்கும் முறம் கிடக்கட்டும்.

வீட்டிலுள்ள மூத்தவரை, உங்கள் நன்னியையோ தாதியையோ, அருகில் அமர்த்தி ஒவ்வோர் இடத்தையும் பற்றிக் கேளுங்கள். இந்த ஆணியில் என்ன மாட்டியிருந்தது? இந்தத் தூணடியில் யார் உட்காருவார்? எந்த அறையில் யார் பிறந்தார், எந்த அறையிலிருந்து யாருடைய ஜனாஸா புறப்பட்டது? அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். படம் இடத்தைக் காக்கும். சொல்தான் பொருளைக் காக்கும்.

எடுத்ததில் பத்துப் பன்னிரண்டு படங்களையாவது கடையில் கொடுத்து நல்ல காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். கைப்பேசி தொலையும், உடையும். அதோடு படமும் போய்விடும். படத்தின் பின்புறம் பென்சிலால் மென்மையாக ஊர், தெரு, அறை, தேதி எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் மை ஊடுருவும். பசை தடவிய பக்கங்களுள்ள ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். அந்தப் பசையே நாளடைவில் படத்தைத் தின்றுவிடும். வெயிலும் ஈரமும் சமையல் புகையும் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

இடிக்க வேண்டியதில்லாத வீட்டில் வாழ்பவர்களும் இதைச் செய்யலாம். இன்று புதிதாக மின்னும் டைல்ஸ் தரையும் ஒருநாள் பழையதாகும். அதன்மேல் நடந்த சிறு பாதங்களின் தடத்தைத் தேடி அப்போது ஒருவர் வருவார். அவருக்காக இப்போதே ஒரு படம் எடுத்து வைப்பதில் என்ன தடை?

அழகை விலை கொடுத்து வாங்கும் பொருளாகவே விளம்பரங்கள் நமக்குக் காட்டுகின்றன. போதுமென்று வாழ்ந்தவர்களின் சுவரில் அது விலையின்றிக் கிடக்கிறது. அதைப் பார்க்கும் கண்ணையும், பார்த்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பொறுப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.